அமெரிக்கத் தேர்தல் பிரச்சார வேலையில் சேர விரும்புகிறவர்களுக்கு

அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் சிலர் கல்லூரி முடிக்கும் சமயத்தில், "கேம்பெயினில் வேலைக்குப் போகலாம் என்று பார்க்கிறேன்" என்கிறார்கள். வீட்டில் வரும் முதல் கேள்வி, "அதெல்லாம் ஒரு வேலையா? சம்பளம் தருவார்களா?" என்பதுதான். தருவார்கள். தேர்தல் பிரச்சாரம் அங்கே முழுநேரத் தொழில். மேனேஜர், நிதி திரட்டுபவர், தரவு பார்ப்பவர், பத்திரிகைத் தொடர்பாளர், விளம்பரம் எடுக்கும் நிறுவனம், கருத்துக்கணிப்பாளர் என்று ஒவ்வொருவருக்கும் சம்பளமோ கமிஷனோ உண்டு.

வேட்பாளரின் முகம் எல்லோருக்கும் தெரியும். பின்னால் இருக்கும் இந்தக் கூட்டம் யாருக்கும் தெரியாது. வெள்ளையர் அல்லாதவர்கள் குறைவாக இருந்து வந்ததும் அங்கேதான். அந்த அறைக்குள் எப்படிப் போவது, போன பிறகு எந்த மூலையில் உட்காரக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. எந்தக் கட்சி என்பது உங்கள் விருப்பம். எனக்கு அதிகம் தெரிந்தது ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்து கூடுதலாக வரும்.

நிலவரம் என்ன

2008-இல் அமெரிக்கா முதல் கறுப்பின அதிபரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பிரச்சாரத்தின் மேனேஜர் டேவிட் புளூஃப், தலைமை வியூகக்காரர் டேவிட் ஆக்ஸெல்ராட். இருவரும் வெள்ளையர்கள். திறமைசாலிகள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் நிற்பவரின் நிறத்தை வைத்து மேடைக்குப் பின்னால் இருப்பவர்களைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். கமலா ஹாரிஸுக்காகத் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி, கோயிலில் பூஜை செய்தோம். அவருடைய விளம்பரப் பணம் எந்த நிறுவனத்துக்குப் போகிறது என்று நம்மில் யாரும் பார்க்கவில்லை.

பெரிய கட்சி ஒன்றின் அதிபர் பிரச்சாரத்தை நடத்திய முதல் கறுப்பினப் பெண் டானா பிரேசில். அல் கோருக்காக, 2000-இல். அவர் வேலை பழகியது கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்ஸனின் 1984 அதிபர் பிரச்சாரத்தில். ஜாக்ஸனை 1984, 1988 இரண்டு முறையும் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு தோல்விகளும் ஒரு தலைமுறைக்கே பயிற்சிப் பட்டறையாக இருந்தன. 1988 கட்சி மாநாட்டில் ஜாக்ஸனின் அணியை நடத்திய ரான் பிரவுன் அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர் ஆனார். இரண்டு பெரிய கட்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஜாக்ஸனிடம் வேலை பார்த்த மின்யான் மூர் 2024 கட்சி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தோற்கிற பிரச்சாரத்தில் சேர்ந்தால் வாழ்க்கை வீண் என்று பயப்படும் பெற்றோருக்கு இந்த வரலாற்றைச் சொல்லலாம்.

இனி பணம். 2014-இல் பவர்பேக் பிளஸ் என்ற அமைப்பு, 2010, 2012 தேர்தல் சுற்றுகளில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுக்கள் ஆலோசக நிறுவனங்களுக்குச் செலவிட்டதைக் கணக்குப் பார்த்தது. 51 கோடி டாலருக்கு மேல் செலவு. அதில் சிறுபான்மை இனத்தவர் நடத்தும் நிறுவனங்களுக்குப் போனது 1.7 சதவீதம். கறுப்பின, லத்தீனோ, ஆசிய வாக்குகள் இல்லாமல் தேசிய அளவில் ஜெயிக்கவே முடியாத ஒரு கட்சியின் கணக்கு இது.

பிரச்சாரத்தில் வேலை பார்த்தவர்களே பிறகு செனட்டர்களின் அலுவலகத்துக்கும் போகிறார்கள். அதனால் இந்தக் குறை அங்கேயும் தொடர்கிறது. ஜாயின்ட் சென்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2015-இல் பார்த்தபோது செனட் அலுவலகங்களின் உயர்பதவிகளில் வெள்ளையர் அல்லாதவர்கள் 7.1 சதவீதம். 2020-இல் 11 சதவீதம். அப்போது நாட்டின் மக்கள்தொகையில் அவர்கள் 40 சதவீதம்.

2019-இல் இன்னொன்று நடந்தது. பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களைக் கவனிக்கும் ஜனநாயகக் கட்சியின் குழுவில் உயர்பதவிகளில் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்கள் என்று கறுப்பின, லத்தீனோ உறுப்பினர்கள் வெளிப்படையாகவே சண்டை போட்டார்கள். நிர்வாக இயக்குநர் பதவி விலகினார். அதே தேர்தல் சுற்றில் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்கள் வைத்திருந்த மேனேஜர்களைப் பாருங்கள்: எலிசபெத் வாரனுக்கு ரோஜர் லாவ், பெர்னி சாண்டர்ஸுக்கு ஃபைஸ் ஷாகிர், ஹூலியன் காஸ்ட்ரோவுக்கு மாயா ரூப்பர்ட், கோரி புக்கருக்கு அடிசு டெமிஸி. இந்த நான்கு மேனேஜர்களும் வெள்ளையர் அல்லாதவர்கள். 2024-இல் பைடன், பிறகு ஹாரிஸ் பிரச்சாரத்தை நடத்திய ஜூலி சாவேஸ் ரோட்ரிகஸ், விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் பேத்தி. மாற்றம் நடக்கிறது. தானாக நடக்கவில்லை.

நம்மவர்களும் இருக்கிறார்கள். ராஜா கிருஷ்ணமூர்த்தி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒபாமாவின் 2004 செனட் பிரச்சாரத்தில் கொள்கை இயக்குநராக இருந்தவர். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ரோஹிணி கோசோக்லு செனட்டர் ஹாரிஸின் அலுவலகத் தலைமைப் பொறுப்பில் இருந்தார், பிறகு அவருடைய அதிபர் பிரச்சாரத்தில் மூத்த ஆலோசகர். ஒபாமாவின் 2008 பிரச்சாரத்தில் செய்தித் தொடர்பாளராக இருந்த ஹரி சேவுகன் பிறகு கட்சியின் தேசியப் பத்திரிகைச் செயலர் ஆனார். நம் சங்க மலர்களில் வேட்பாளர்கள் படம் வரும், இவர்கள் படம் வராது.

முதலில் விசாவைப் பாருங்கள்

இதை ஆர்வக் கோளாறில் தாண்டிப் போகாதீர்கள். குடியுரிமை உள்ளவர்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் பிரச்சாரத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யத் தடையில்லை. கிரீன் கார்டு உள்ளவர்கள் சொந்தப் பணத்தில் நன்கொடையும் தரலாம். ஆனால் வாக்களிக்கக் கூடாது, வாக்காளர் பட்டியலில் பெயர் பதியவும் கூடாது. லைசென்ஸ் எடுக்கப் போகும் அலுவலகத்தில் நீட்டும் படிவத்தில் தெரியாமல் டிக் அடித்தால்கூடக் குடியுரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்கும், நாடுகடத்தும் அளவுக்கும் போகலாம்.

எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் ஒரு டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. கூட்டாட்சித் தேர்தல் (அதிபர், காங்கிரஸ்), மாநிலத் தேர்தல், ஊர்த் தேர்தல் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். சம்பளம் வாங்காத வாலண்டியராகக் கதவு தட்டலாம், போன் செய்யலாம். ஆனால் பணத்தை எங்கே செலவிடுவது, யாரை வேலைக்கு எடுப்பது போன்ற முடிவுகளில் பங்கெடுக்கக் கூடாது. எச்-1பி உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்தோடு கட்டிப்போட்டது, அதனால் கேம்பெயின் சம்பளம் வாங்க முடியாது. எஃப்-1 மாணவர்களுக்கு ஓ.பி.டி., சி.பி.டி. எனப்படும், படிப்போடு தொடர்புடைய வேலைக்கான அனுமதி இல்லாமல் சம்பள வேலை கிடையாது. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ குடிவரவு வக்கீலிடமோ கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

மத்திய அரசு வேலையில் இருப்பவர்களின் அரசியல் வேலைகளைக் கட்டுப்படுத்த ஹேட்ச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதையும் படித்துவிட்டு இறங்குங்கள்.

சின்னத் தேர்தலாகப் பிடியுங்கள்

எல்லோருக்கும் அதிபர் தேர்தல்தான் கண்ணில் படும். அங்கே போனால் ஆயிரம் பேரில் ஒருவர். மாநிலச் சட்டசபை, நகரசபை, பள்ளி நிர்வாகக் குழு போன்ற தேர்தல்களில் முழு அலுவலகமே மூன்று நான்கு பேர்தான் இருக்கும். காலையில் கதவு தட்டி, மதியம் நன்கொடைப் பட்டியல் தயாரித்து, மாலையில் வேட்பாளரைக் காரில் கூட்டிப்போவது வரை ஒரே ஆள் செய்ய வேண்டியிருக்கும். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. பிறகு காங்கிரஸ் உறுப்பினரான ரோ கன்னா சிகாகோவில் மாணவராக இருந்தபோது, 1996-இல், ஒபாமா என்ற யாருக்கும் தெரியாத மாநில செனட் வேட்பாளருக்காகக் கதவு தட்டினார்.

இன்னொரு விஷயம், ஆண்டு. பெரும்பாலான மாநிலங்களில் இரட்டைப்படை ஆண்டுகளில் தேர்தல். நியூ ஜெர்சி, வர்ஜீனியா இரண்டிலும் மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில் வரும். 2027-இல் இரண்டு மாநிலங்களிலும் சட்டசபையின் இரு அவைகளுக்கும் தேர்தல் உண்டு. எடிசன், பிஸ்கடவே, லௌடன், ஃபேர்ஃபேக்ஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது வசதி, வீட்டில் இருந்தே வேலைக்குப் போகலாம். வீட்டில் இருந்தே போக முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சம்பளம் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எந்தப் பிரச்சாரம் யாருக்குப் பணம் தருகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். கூட்டாட்சித் தேர்தல் என்றால் தேர்தல் ஆணையமான எஃப்.இ.சி.யின் இணையதளத்தில் வேட்பாளர் பெயரைப் போட்டு, செலவுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரு சுற்றில் 200 டாலருக்கு மேல் பெற்ற ஒவ்வொரு ஆளும் நிறுவனமும் அதில் இருக்கும். சம்பளப் பட்டியலில் எத்தனை பேர், எவ்வளவு வாங்குகிறார்கள், தபாலில் அனுப்பும் நோட்டீஸை (அதுதான் மெயில்) அச்சடிப்பவர் யார், டிவி விளம்பரம் வாங்குபவர் யார், எல்லாம் தெரியும். பன்முகத்தன்மை பற்றி அழகாக அறிக்கை விடும் வேட்பாளரின் செலவுப் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போங்கள். பேச்சு வேறு மாதிரி அமையும்.

வாலண்டியராக மூன்று நான்கு வாரம்

வேட்பாளரின் இணையதளத்தில் அல்லது மொபிலைஸ் தளத்தில் அருகில் நடக்கும் நிகழ்ச்சிகள் இருக்கும். சனிக்கிழமை காலை போனால் கையில் ஒரு பட்டியல் தருவார்கள், இல்லாவிட்டால் போனில் மினிவேன் என்ற ஆப்பைப் போடச் சொல்வார்கள். நீங்கள் நடக்க வேண்டிய தெருக்களின் தொகுப்புக்கு டர்ஃப் என்று பெயர். அந்த டர்ஃபை வெட்டியவர் ஃபீல்டு ஆர்கனைசர், அதாவது வாக்காளர்களை நேரில் சந்திக்கும் வேலையை நடத்துபவர். பட்டியல் வந்தது வேன் என்ற வாக்காளர் தரவுத்தளத்தில் இருந்து. ஜனநாயகக் கட்சிப் பக்கம் ஏறக்குறைய எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். குடியரசுக் கட்சிக்கு வேறு மென்பொருள்கள்.

வெறுமனே நடந்துவிட்டுத் திரும்பாதீர்கள். டேட்டாவை உள்ளே ஏற்றும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். டர்ஃப் எப்படி வெட்டுவது என்று காட்டச் சொல்லுங்கள். வேன் தெரியும் என்று ரெஸ்யூமேயில் ஒரு வரி இருந்தாலே ஃபீல்டு வேலைக்குப் பாதிக் கதவு திறந்துவிடும். சொன்ன நேரத்துக்கு வருவது, சொன்ன எண்ணிக்கையை முடிப்பது, அதைச் சரியாகப் பதிவு செய்வது, இந்த மூன்றையும் அங்கே பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த மாதம் சம்பள வேலைக்கு ஆள் தேவைப்படும்போது விளம்பரம் வருவதற்கு முன் அவர்கள் யோசிப்பது வாலண்டியர்களைப் பற்றித்தான்.

ஒரு எச்சரிக்கை. உற்சாகத்தில் தமிழ்ச் சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலை எடுத்து வேட்பாளருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான சங்கங்களும் கோயில்களும் 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் பதிவானவை. ஒரு வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ அவற்றுக்குச் சட்டப்படி அனுமதியில்லை. பொங்கல் விழா மேடையில் வேட்பாளரை ஏற்றி ஓட்டுக் கேட்க வைப்பதும் இதில் அடங்கும். எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்துக் கேள்வி நேரம் நடத்தலாம், வாக்காளர் பதிவு முகாம் கட்சி சார்பில்லாமல் நடத்தலாம். சொந்த முறையில் உங்கள் நண்பர்களைக் கூப்பிடுவதை யாரும் தடுக்கவில்லை.

எந்தப் பிரிவில் உட்காருவது

இதுதான் எனக்கு முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு பிரச்சாரத்தில் பெரும்பாலும் ஃபீல்டு, நிதி, கம்யூனிகேஷன்ஸ், டிஜிட்டல், டேட்டா, பொலிட்டிகல் என்று பிரிவுகள் இருக்கும். பெரிய பிரச்சாரம் என்றால் இவற்றோடு, ஒவ்வொரு சமூகத்தின் வாக்காளர்களையும் தனியாக அணுக "அவுட்ரீச்" அல்லது "கோயலிஷன்ஸ்" என்று ஒன்று. கறுப்பின அவுட்ரீச், லத்தீனோ அவுட்ரீச், ஆசிய அவுட்ரீச். நம் பெயரைப் பார்த்தவுடன் அந்த மேசையைத்தான் காட்டுவார்கள். மரியாதையான வேலைதான், பதவிப் பெயரும் பெரிதாக இருக்கும், ஆசிய வாக்காளர் இயக்குநர் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். ஆனால் பல இடங்களில் அந்த மேசைக்கு பட்ஜெட் இருக்காது, ஆட்கள் இருக்க மாட்டார்கள், தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போதுதான் ஆளே எடுப்பார்கள். மொழிபெயர்த்த ஒரு நோட்டீஸ், ஒரு ஜூம் கூட்டம், தீபாவளி வாழ்த்து. அவ்வளவுதான். தோற்றால், "உங்கள் சமூகம் வரவில்லையே" என்ற கேள்வி மட்டும் அந்த மேசைக்கு வரும்.

2020-இல் சாண்டர்ஸின் பிரச்சாரத்தில் வேறு மாதிரி செய்தார்கள். சக் ரோச்சா என்ற மூத்த ஆலோசகர், கிழக்கு டெக்சாஸில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தொழிற்சங்கம் வழியாக அரசியலுக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிக்காரர். லத்தீனோ வேலையை அவர் தனி மூலையில் வைக்கவில்லை. ஃபீல்டு, மெயில், டிஜிட்டல் என்று ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் லத்தீனோக்களை வேலைக்கு எடுத்தார். சீக்கிரமே எடுத்தார், செலவு செய்யவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. பிப்ரவரி 22 அன்று, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், நெவாடாவில் சாண்டர்ஸ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்ததற்கு லத்தீனோ வாக்குகள் முக்கியக் காரணம். ரோச்சாவின் கையில் பட்ஜெட் இருந்தது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

ஆகவே, முதல் வேலை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பணமோ எண்ணோ கையில் வரும் பிரிவாகப் பாருங்கள். ஃபீல்டில் இருந்தால் எத்தனை கதவு தட்டினீர்கள், எத்தனை பேர் ஓட்டுப் போடுவதாகச் சொன்னார்கள் என்ற எண் உங்களுடையது. டேட்டாவில் இருந்தால் யாருடைய கதவைத் தட்டுவது என்பதையே நீங்கள் முடிவு செய்கிறீர்கள். நம் பிள்ளைகளுக்குப் புள்ளியியலும் கோடிங்கும் வரும் என்பதால் இந்தப் பக்கம் நுழைவது எளிது. அங்கேயே தங்கிவிட்டால் வியூகம் பேசும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிதிப் பிரிவை நம் ஆட்கள் கேவலமாகப் பார்க்கிறார்கள், ஏதோ வசூல் வேலை என்று. உண்மையில் வேட்பாளரோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான். கால் டைம் என்று ஒரு சடங்கு உண்டு. வேட்பாளர் தினமும் பல மணி நேரம் ஒரு அறையில் உட்கார்ந்து நன்கொடையாளர்களுக்கு வரிசையாக போன் போட வேண்டும். எண்ணை டயல் செய்து, மறுமுனையில் இருப்பவர் யார், எவ்வளவு கேட்கலாம் என்ற தாளை நீட்டுவது ஒரு இளைஞர். 2025–26 சுற்றில் ஒரு தனிநபர் ஒரு கூட்டாட்சி வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குத் தரக்கூடிய உச்சம் 3,500 டாலர், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலுக்கு ஒன்று, பொதுத்தேர்தலுக்கு ஒன்று. அந்த அறையில் ஒரு சுற்று உட்கார்ந்தவருக்கு மாவட்டத்தில் யார் யாருக்கு வேண்டியவர் என்ற வரைபடமே மனதில் பதிந்துவிடும். வேட்பாளர் ஜெயித்து அலுவலகம் போனால் கூடப் போகிறவர்களில் இவரும் இருப்பார்.

ஆலோசக நிறுவனங்கள் பற்றி ஒரு வரி. டிவி விளம்பரம் வாங்கும் நிறுவனத்துக்குப் பழைய வழக்கப்படி 15 சதவீதம் வரை கமிஷன், பெரிய தேர்தல்களில் இப்போது குறைவு. பெரிய பணம் இங்கேதான். அந்த 1.7 சதவீதம் மாற வேண்டும் என்றால் நான்கைந்து சுற்றுகள் வேலை பார்த்த பிறகு சொந்த நிறுவனம் தொடங்கும் ஆட்கள் வேண்டும்.

பயிற்சியும் வேலை தேடலும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜனநாயகக் கட்சிப் பக்கம் நேஷனல் டெமாக்ரடிக் டிரெய்னிங் கமிட்டியின் இணையவழிப் பாடங்கள் இலவசம். அரீனா பிரச்சார ஊழியர்களுக்கென்றே பயிற்சி தருகிறது, வேலைப் பட்டியலும் வைத்திருக்கிறது. மினசோட்டாவில் வெல்ஸ்டோன் ஆக்‌ஷன் என்று தொடங்கிய அமைப்பு இப்போது ரீபவர் என்ற பெயரில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு முன்னுரிமை கொடுத்துப் பயிற்சி நடத்துகிறது. குடியரசுக் கட்சிப் பக்கம் 1979-இல் தொடங்கிய லீடர்ஷிப் இன்ஸ்டிட்யூட், வர்ஜீனியாவில் இருக்கிறது. ஆசிய வம்சாவளியினருக்கு ஏபாய்க்ஸ் என்ற நிறுவனத்தின் உதவித்தொகையோடு கூடிய ஃபெல்லோஷிப்கள் வாஷிங்டனில் உண்டு. "ஜாப்ஸ் தட் ஆர் லெஃப்ட்" என்ற கூகுள் குழுவில் சேர்ந்தால் வேலை அறிவிப்புகள் கொட்டும்.

ரெஸ்யூமே ஒரு பக்கம். எண்கள் இருக்கட்டும்: எத்தனை கதவு, எத்தனை வாலண்டியர் சேர்த்தீர்கள், எவ்வளவு திரட்டினீர்கள். தமிழ்ச் சங்கத்தில் ஐந்நூறு பேருக்கு விழா நடத்தியதை வெட்கப்படாமல் எழுதுங்கள். சாப்பாடு, பார்க்கிங், வாலண்டியர் பட்டியல், வராத விருந்தினர் என்று சமாளித்தவருக்கு ஃபீல்டு வேலை புதிதாகத் தெரியாது. தமிழ் பேசத் தெரியும் என்பதையும் எழுதுங்கள், ஆனால் கடைசி வரியில். முதல் வரியில் எழுதினால் அந்த அவுட்ரீச் மேசை.

சம்பளப் பேச்சு

இந்தத் தொழிலில் ஒரே மாதிரி ஆட்கள் நிறைந்ததற்குப் பெரிய காரணம் கெட்ட எண்ணம் இல்லை, முதல் ஆறு மாதச் செலவுதான். இன்டர்ன்ஷிப்புக்குப் பல காலம் சம்பளமே கிடையாது. ஃபீல்டு வேலைக்குச் சொந்தக் கார் வேண்டும். முன்பின் தெரியாத ஊருக்கு ஒரு வாரத்தில் கிளம்பிப் போக வேண்டும். தேர்தல் நாளோடு வேலை முடியும், இன்சூரன்ஸும் முடியும். அப்பா அம்மா வாடகை கட்டினால் இதெல்லாம் சாகசம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவருக்கு நடக்காத காரியம். அந்த முதல் சுற்றைத் தாண்டியவர்களே அடுத்த சுற்றில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். "போன தடவை என்னோடு இருந்த பையன்" என்ற ஒரு சொல் போதும், விளம்பரமே வராது. நம்மில் கணினித் துறைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தடை குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் டாக்சி ஓட்டும் வங்கதேசத்துக்காரரின் மகளுக்கும் நமக்கும் "தெற்காசியர்" என்று ஒரே கட்டம்தான், நிலைமை ஒன்றல்ல.

வேலை தருகிறேன் என்று சொன்னதும் இவற்றைக் கேளுங்கள், கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள்: மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதி வரை, மருத்துவக் காப்பீடு உண்டா, பெட்ரோலுக்கு மைல் கணக்கில் தருவார்களா, போன் செலவு யாருடையது, வாரத்தில் எந்த நாள் விடுமுறை. தங்க இடம் இல்லையென்றால் சப்போர்ட்டர் ஹவுசிங் கேட்கலாம், அதாவது ஆதரவாளர் ஒருவரின் வீட்டில் காலி அறை. வீட்டுக்காரர் யார் என்று முன்கூட்டியே பேசிப் பாருங்கள். சைவம், பூஜை, நாய் பயம், எதுவாக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அசௌகரியமாக இருந்தால் வேறு இடம் கேட்பதில் தவறில்லை.

மணிக்கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். 2019-இல் சாண்டர்ஸின் பிரச்சார ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தார்கள், அதிபர் பிரச்சாரங்களில் அதுதான் முதல். அதே கோடையில், ஆண்டுக்கு 36,000 டாலர் வாங்கும் ஃபீல்டு ஊழியர்கள் வாரம் அறுபது மணி நேரம் உழைத்தால் மணிக்கு 15 டாலருக்குக் கீழே வருகிறதே என்று கேட்டார்கள். நாட்டுக்கே 15 டாலர் குறைந்தபட்சக் கூலி கேட்ட வேட்பாளர் அவர். செய்தி வெளியே வந்து, பேச்சுவார்த்தை நடந்து, ஏற்பாட்டை மாற்றினார்கள். அங்கேயே கேட்க முடிந்தது என்றால் நீங்களும் கேட்கலாம்.

உள்ளே போன பிறகு

நீங்கள் அங்கே இருப்பதால் பிரச்சாரத்துக்கு என்ன லாபம் என்பது தினசரி வேலையில்தான் தெரியும். வாக்காளர் பட்டியலில் ஒருவரின் இனம் என்ன என்பதைப் பல மாநிலங்களில் பெயரை வைத்து மென்பொருள் ஊகிக்கிறது. ஜார்ஜியா, வட கரோலினா போன்ற சில தென்மாநிலங்களில் மட்டும் பதிவுப் படிவத்திலேயே கேட்கிறார்கள். பட்டேல், சிங் என்று இருந்தால் மென்பொருள் பிடித்துவிடும். நம் பெயர்களின் நிலைமை தெரியுமே. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயர் கடைசியில் நிற்கும். டேவிட் சாமுவேல் என்ற பாளையங்கோட்டைக்காரரை அது வெள்ளையர் என்றோ கறுப்பினத்தவர் என்றோ போட்டுவிடலாம். காயல்பட்டினத்து இப்ராஹிம் அரபு நாட்டவர் ஆகலாம். சொல்லப்போனால் ஆசிய வாக்காளர் பட்டியலை மட்டும் எடுத்து நோட்டீஸ் அனுப்பினால் இவர்கள் யாருக்கும் போகாது. டேட்டா இயக்குநரிடம் இதைச் சொல்ல அந்த அறையில் ஒருவர் வேண்டும். 2020-இல் ஜார்ஜியாவில் அதிபர் தேர்தல் வித்தியாசம் 11,779 வாக்குகள். அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கமிங் பக்கம் எத்தனை தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பு வந்தால் கடைசி நிமிடத்தில் கூகுளில் போட்டு அச்சடிப்பதைத் தடுத்து நிறுத்துங்கள். "தமிழில் நோட்டீஸ் தேவையா" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பெரும்பாலான தமிழ் வாக்காளர்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். தாத்தா பாட்டிகளில் பலருக்கு ஓட்டு கிடையாது. அந்தப் பணத்தை வார இறுதி தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோரை நேரில் சந்திக்கச் செலவிடலாம், பள்ளிக்கு வெளியே, பொதுத் தெருவில்.

முகம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. 1990-இல் வட கரோலினாவில் கறுப்பின வேட்பாளர் ஹார்வி காண்டுக்கு எதிராக வெள்ளைக்கார செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் ஒரு டிவி விளம்பரம் விட்டார். ஒரு வெள்ளையரின் கைகள் வேலை மறுப்புக் கடிதத்தைக் கசக்கும், வேலை சிறுபான்மையினருக்குப் போய்விட்டது என்று குரல் சொல்லும். இனவெறியைத் தூண்டியதற்கு இன்றும் உதாரணம் காட்டும் விளம்பரம் அது. எடுத்தவர் கியூபாவின் ஹவானாவில் பிறந்த லத்தீனோ, அலெக்ஸ் காஸ்டெலானோஸ். உங்கள் மேசைக்கும் ஒரு நாள், "இந்த வரி உங்கள் ஆட்களிடம் எடுபடும்" என்று இன்னொரு சமூகத்தைக் குத்தும் வாசகம் வரும். என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

உங்கள் பெயரைத் தப்பாகச் சொல்வது, அறையில் இருக்கும் இன்னொரு இந்தியரின் பெயரால் கூப்பிடுவது போன்றவை நடக்கும். முதல் முறை திருத்துங்கள், இரண்டாம் முறையும் திருத்துங்கள். அதற்கு மேல் போனால், அல்லது வேறு விதமான தொந்தரவு என்றால், தேதி போட்டு எழுதி வைத்து மேலாளரிடம் மின்னஞ்சலில் சொல்லுங்கள். சிறிய பிரச்சாரங்களில் எச்.ஆர். என்று யாரும் இருக்க மாட்டார்கள். அப்போது மாநிலக் கட்சி அலுவலகத்தில் யாரிடம் பேசலாம் என்பதைச் சேரும்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் முடிந்த மறுநாள்

ஜெயித்தாலும் தோற்றாலும் புதன்கிழமை காலை உங்களுக்கு வேலை இல்லை. அந்த வாரமே மாநிலத்தின் வேலையிழப்பு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்று பார்த்து விண்ணப்பியுங்கள், பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். அலுவலகக் கணினியும் மின்னஞ்சலும் மூடப்படும் முன் உங்கள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலையோ நன்கொடையாளர் விவரத்தையோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அவை பிரச்சாரத்தின் சொத்து. உங்கள் மேலாளரிடமும் அவருக்கு மேலே இருப்பவரிடமும் பரிந்துரைக்குப் பெயர் தரலாமா என்று நேரில் கேளுங்கள். வேட்பாளர் ஜெயித்திருந்தால் அவருடைய அலுவலகத்தில் ஆள் எடுப்பது டிசம்பரிலேயே தொடங்கிவிடும், ஜனவரி வரை காத்திருக்காதீர்கள்.

உங்களோடு கதவு தட்டிய வாலண்டியர்களில் நன்றாக வேலை செய்த மூன்று பேரின் எண்ணை வைத்திருங்கள். அடுத்த சுற்றில், "யாராவது ஆள் தெரியுமா?" என்று உங்களுக்கு போன் வரும். அப்போது தமிழ்ப் பெயரை மட்டும் தேடாமல், உங்கள் டர்ஃபில் தினமும் பஸ் பிடித்து வந்த அந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லுங்கள், அவரிடம் கார் இல்லை என்பதையும் பிரச்சாரம் அதற்கு வழி செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து.